குழந்தையைத் தேடி வந்த சேவை: பிரிட்டனின் பள்ளி நலப் பணி, 1945–1974 – ஒரு மதிப்புரை

மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்ட ஒரு சேவையை இனி எவரும் நாடப்போவதுமில்லை, தவிர்க்கப்போவதுமில்லை. ஆயினும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு செய்யக்கூடிய மருத்துவப் பணியின் முன்மாதிரியாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1945 முதல் 1974 வரை உள்ளாட்சிக் கல்வித் துறைகள் நடத்திய பள்ளி நலச் சேவை பலமுறை சுட்டிக்காட்டப்படுவதால், அந்தப் புகழ் எவ்வளவு தகும் என்று பார்ப்பது வீண் வேலையாகாது. ஆட்சியாளர்கள் எழுதிய அறிக்கைகளின் பக்கமிருந்து மட்டும் பார்க்காமல், மருத்துவர் முன் சட்டையைக் கழற்றி நின்ற குழந்தையின் பக்கமிருந்தும், உடன் வந்து பெஞ்சில் அமர்ந்திருந்த தாயின் பக்கமிருந்தும் அதை எடைபோட முயல்கிறேன். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமும் தனி விதிகளும் இருந்தமையால் அதை இங்கே சேர்க்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்சேவையின் பரிசோதனை மேசைக்கு அப்பால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சிகிச்சைக்குப் போனது; மற்றொன்று, குழந்தை எந்த வகையைச் சேர்ந்தது, எந்தப் பள்ளிக்கு உரியது என்று பிரிக்கும் வேலைக்குப் போனது. முதல் வழியில் சென்ற குழந்தைக்கு அக்காலத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத கவனிப்பு கிடைத்தது. இரண்டாம் வழியில் அனுப்பப்பட்ட குழந்தைகளில் பலருக்கு நேர்ந்த தீங்கைச் சரிசெய்யப் புதிய சட்டங்களே தேவைப்பட்டன.

சேவையின் வேர் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது முன்வந்த இளைஞர்களில் பலர் உடற்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டதும், அதைத் தொடர்ந்து அமைந்த குழு 1904-இல் அளித்த அறிக்கையும் அரசை உலுக்கியதால், தொடக்கப் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை கட்டாயமாயிற்று. சர் ஜார்ஜ் நியூமன், அன்றைய மத்தியக் கல்வித் துறையான கல்வி வாரியத்தின் முதல் தலைமை மருத்துவ அதிகாரியானார். பிராட்ஃபோர்டு நகரம் இதற்கெல்லாம் முன்பே, 1893-இல், ஜேம்ஸ் கெர் என்ற மருத்துவரைத் தன் பள்ளிகளுக்கென அமர்த்தியிருந்தது. ஆனால் பரிசோதனை இலவசமாக இருந்ததே தவிர, சிகிச்சை அப்படி இருக்கவில்லை. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைச் செலவைப் பெற்றோரிடமிருந்து வசூலிக்க வழி செய்திருந்தது. நோயைக் கண்டு சொல்லிவிட்டு, மருந்துக்குக் காசு கேட்கும் சேவையாக அது இருந்தது. கல்விப் பொறுப்பிலிருந்த அமைச்சர் ஆர். ஏ. பட்லர் கொண்டுவந்த 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இந்தக் குறையை நீக்கியது. அரசு நிதி பெறும் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் கடமையாயிற்று. பள்ளி மருத்துவச் சேவை என்ற பழைய பெயரும் பள்ளி நலச் சேவை என மாறியது.

இச்சேவையின் பெரிய சிறப்பு, எவரும் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை என்பதே. பள்ளியில் சேரும்போது ஒருமுறை, தொடக்கப் பள்ளியை முடிக்கும் தறுவாயில் ஒருமுறை, பள்ளியை விட்டுப் போகுமுன் ஒருமுறை என மூன்று பரிசோதனைகளையேனும் 1945-ஆம் ஆண்டு விதிகள் வற்புறுத்தின. தாய்க்கு முன்கூட்டியே அழைப்பு வரும். கண், காது, தொண்டை, பல், இதயம், நுரையீரல், முதுகு, பாதம் எனச் சில நிமிடங்களில் உடல் முழுவதும் பார்க்கப்பட்டு, முடிவு அட்டையில் பதிவாகும். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையிலிருந்த குடும்பங்களில், பிள்ளைக்குக் கிட்டப்பார்வை இருப்பதையோ ஒரு காது மந்தமாக இருப்பதையோ யாரும் கவனிக்க நேரமில்லாத வீடுகளில், இந்தச் சில நிமிடங்கள் மிகப் பெரியவை. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி எல்லாருக்கும் இலவச மருத்துவம் வந்த பின்னும் பள்ளிச் சேவை கல்வித் துறையின் கீழேயே தொடர்ந்ததற்கு ஆட்சியமைப்பின் பழக்கமும் ஒரு காரணம்தான். ஆனால் மருத்துவரிடம் போகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பயன்படும் சேவையும், வகுப்பறைக்கே வந்து ஒவ்வொரு குழந்தையையும் பார்க்கும் சேவையும் ஒன்றல்ல என்ற நியாயமும் அதற்குள் இருந்தது.

மருத்துவரைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவர் பள்ளித் தாதிதான். பருவந்தோறும் வந்து, வரிசையில் நிற்கவைத்து, சீப்பால் தலைமுடியை வகிர்ந்து பேனும் ஈரும் பார்ப்பது அவருடைய வேலை. கையில் சீட்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கு அன்று வகுப்பில் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். இந்தச் சோதனையின் பயனைப் பற்றி ஒரு சங்கடமான உண்மை உண்டு. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, அவர்களை ஏற்ற வீடுகளிலிருந்து பேன் பற்றிய முறையீடுகள் குவிந்தன. பள்ளிச் சேவையின் ஆண்டறிக்கைகளோ பேன் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிட்டதாகவே காட்டிவந்தன. பூச்சியியல் அறிஞர் கென்னத் மெல்லன்பி, தொற்றுநோய் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, தொழில் நகரங்களில் உண்மை நிலை அந்த அறிக்கைகள் சொன்னதைவிடப் பல மடங்கு மோசமானது என்று 1941-இல் காட்டினார். தாதி வரும் நாள் தெரிந்துவிட்டால் முதல் நாள் இரவே தலை வாரிச் சுத்தம் செய்து அனுப்பும் தாய்மார்களைக் குறை சொல்ல முடியுமா? முன்னறிவிப்போடு நடக்கும் எந்தச் சோதனைக்கும் உள்ள குறைதான் இது. போருக்குப் பின் டி.டி.டி. கலந்த மருந்துகள் வந்ததும் நிலைமை கணிசமாக மாறியது.

சிகிச்சைப் பக்கத்துக்கு என் முழு மதிப்பெண் உண்டு. சிறு நோய்களுக்கான சிகிச்சையகங்கள் சொறி, படர்தாமரை, கொப்புளம், காதில் சீழ் வடிதல் போன்றவற்றை நாள்தோறும் கவனித்தன. தனித்துப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இவைதாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுத்தவை. கொப்புளம் வந்த முகத்தில் பூசப்பட்ட ஊதா நிற ஜென்ஷன் வயலட், அந்தத் தலைமுறையினர் இன்றும் நினைவுகூரும் அடையாளம். கண்ணாடி தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடி கிடைத்தது. மாறுகண் உடையவர்களுக்குக் கண் பயிற்சி கிடைத்தது. ஒரே இசைத்தட்டிலிருந்து காதில் பொருத்தும் ஒலிக்கருவிகள் வழியாக முழு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் செவித்திறன் சோதிக்கும் முறையும், பின்னர் ஒவ்வொருவராகச் சோதிக்கும் நுட்பமான கருவிகளும் வந்தன. திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் அமர்த்தப்பட்டனர். 1953 முதல் பதின்மூன்று வயதை ஒட்டிய மாணவர்களுக்குக் காசநோய்க்கெதிரான பி.சி.ஜி. தடுப்பூசியும், 1956 முதல் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியும் வந்தபோது, அவற்றைப் பரவலாகக் கொண்டு சேர்க்கத் தாதியும் பதிவேடும் பள்ளிகளில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன. 1946 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் நாள்தோறும் வழங்கப்பட்ட மூன்றிலொரு பைன்ட் இலவசப் பால் இச்சேவையின் நேரடிப் பொறுப்பன்று. ஆயினும் பிள்ளைகளின் எடையும் உயரமும் கூடியதில் பாலுக்கும் மதிய உணவுக்கும் உள்ள பங்கை ஒதுக்கிவிட்டு மருத்துவர்களை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

பல் மருத்துவம்தான் சிகிச்சைப் பக்கத்தின் பலவீனமான அங்கம். தேசிய சுகாதாரச் சேவை தனிப் பல் மருத்துவர்களுக்குக் கொடுத்த வருமானம் பள்ளிப் பல் மருத்துவரின் சம்பளத்தைவிட மிக அதிகமாக இருந்ததால், 1948-க்குப் பின் பலர் பள்ளிச் சேவையை விட்டு விலகினர். சட்டம் வாக்களித்த சேவைக்குக் கைகள் இல்லாமல் போயின. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டின்போது குறைந்திருந்த சொத்தைப் பல், 1953-இல் இனிப்புகளுக்கும் சர்க்கரைக்கும் இருந்த கட்டுப்பாடு நீங்கிய பின் மறுபடி பெருகியது; பற்கள் கெடத் தொடங்கிய வேளையில் பார்ப்பதற்குப் போதிய மருத்துவர் இல்லை. பள்ளிப் பல் மருத்துவர் என்றாலே மயக்க வாயுவும் பல் பிடுங்கலும்தான் என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்ததற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன். இருக்கும் சில கைகளைக் கொண்டு பல்லைக் காப்பதைவிடப் பிடுங்குவது விரைவான வேலை.

சேவையின் தரம் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறியது என்பதற்குப் போருக்கு முந்தைய இரண்டு சான்றுகள் போதும். முதலாவது, டான்சில் அறுவை. கல்வி வாரியத்தைச் சேர்ந்த மருத்துவர் அலிசன் குளோவர் 1938-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையொன்று ஒத்த மாவட்டங்களுக்கிடையே கூட இந்த அறுவையின் விகிதம் பல மடங்கு வேறுபட்டதையும், அதற்குத் தட்பவெப்பமோ வறுமையோ நெரிசலோ காரணமாகத் தெரியவில்லை என்பதையும் காட்டினார். லண்டனையொட்டிய ஹார்ன்சியில் பள்ளி மருத்துவ அதிகாரி மாறியதும் அறுவைகள் திடீரெனச் சிறு பகுதியாகச் சுருங்கின. பிள்ளைகளின் தொண்டை மாறிவிடவில்லை. இரண்டாவது, ஊட்ட நிலையை ஏ, பி, சி, டி என நான்கு தரங்களாக மருத்துவர்கள் கண்ணால் பார்த்தே குறித்த முறை. ஒரே குழந்தைகளை வெவ்வேறு மருத்துவர்கள் பார்த்தபோது தரம் மாறியது; அதே மருத்துவர் சில நாள் கழித்துப் பார்த்தபோதும் மாறியது. டான்சிலையும் ஊட்ட நிலையையும் பொறுத்தவரை இந்தத் தடுமாற்றத்தின் விலை ஓரளவே. அதே மருத்துவர் குழந்தையின் அறிவை அளக்கத் தொடங்கும்போதுதான் விலை கூடுகிறது.

இங்கே சிறப்புக் கல்விக்கு வருகிறோம். 1945-ஆம் ஆண்டு விதிகள் பதினொரு வகைகளைப் பட்டியலிட்டன: பார்வையற்றோர், அரைப்பார்வையர், காது கேளாதோர், அரைகுறையாகக் கேட்போர், நோஞ்சான்கள், நீரிழிவு உடையோர், கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர், வலிப்பு உடையோர், நடத்தையில் ஒத்துப்போகாதோர், உடல் ஊனமுற்றோர், பேச்சுக் குறையுடையோர். 1953-இல் நீரிழிவு நோஞ்சான்களோடு சேர்க்கப்பட்டு எண்ணிக்கை பத்தாயிற்று. சட்டத்தில் ஒரு நல்ல கூறு இருந்தது: குறை கடுமையாக இல்லாத பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே வைத்துக் கற்பிக்க அது இடம் கொடுத்தது. 1946-இல் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டியும், கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சாதாரணப் பள்ளிகளிலேயே உதவி பெறுவர் என்றே கணக்கிட்டது. நடைமுறையில் அந்த உதவி தனிப் பள்ளிகளிலேயே குவிந்தது. சாதாரண வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்கு அதில் வந்து சேர்ந்தது சொற்பமே.

தனிப் பள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. வூஸ்டரிலும் சோர்லிவுட்டிலும் பார்வையற்ற மாணவர்களுக்கும் மாணவியருக்கும் இருந்த கல்லூரிகளும், 1946-இல் காது கேளாதோருக்கான கிராமர் பள்ளியாக அமைந்த மேரி ஹேர் பள்ளியும் தம் மாணவர்களைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றன. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளுக்குப் போதிய ஏற்பாடு இல்லாததைக் கண்டு 1952-இல் பெற்றோர் சிலர் சங்கம் அமைத்ததும், அது 1955-இல் டன்பிரிட்ஜில் தாமஸ் டெலரூ பள்ளியைத் திறந்ததும், அரசுச் சேவையின் இடைவெளியைத் தனியார் முயற்சி நிரப்பிய கதை. காது கேளாதோர் பள்ளிகளிலோ, சைகை மொழியை விலக்கி உதட்டசைவையும் பேச்சையும் மட்டுமே கற்பிக்கும் முறை மேலோங்கியிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஐரீன், அலெக்சாண்டர் யூயிங் தம்பதியர் செவித்திறன் சோதனைக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் செய்த பணியின் பெருமையை ஏற்றுக்கொண்டே, தங்களுக்குள் இயல்பாகப் பேசிக்கொண்ட மொழி வகுப்பில் தடுக்கப்பட்ட பிள்ளைகளின் இழப்பையும் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குத் தனி ஈர்ப்பு ஏற்படுத்துவன திறந்தவெளிப் பள்ளிகள். 1907-இல் லண்டன் மாவட்ட மன்றம் போஸ்டல் காட்டில் தொடங்கிய சோதனையும், 1911-இல் பர்மிங்காமில் கேட்பரி குடும்பத்தார் கொடையால் எழுந்த அஃப்கம் பள்ளியும் இவ்வகையின் முன்னோடிகள். இரத்தசோகை, ஆஸ்துமா, காசநோய் அச்சம் உள்ள நோஞ்சான் பிள்ளைகள், மடக்கிவிடக்கூடிய சுவர்களைக் கொண்ட கூடங்களில் குளிர்காலத்திலும் பாடம் படித்தனர். நண்பகல் உணவுக்குப் பின் கித்தான் கட்டில்களில் போர்வைக்குள் படுத்து உறங்கினர். பனிக்காற்று குணப்படுத்தியதா, மூன்று வேளை உணவும் ஓய்வும் குணப்படுத்தினவா என்ற கேள்விக்கு நான் இரண்டாவது பக்கமே சாய்வேன். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்து, வீடுகள் மேம்பட்டு, 1956-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டமும் வந்த பின் இப்பள்ளிகளின் தேவை குறைந்தது.

எண்ணிக்கையில் மிகப் பெரிய வகை, கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர். ஆசிரியர் பெயர் கொடுப்பார், குறுகிய பயிற்சி பெற்ற பள்ளி மருத்துவர் பினே என்ற நுண்ணறிவுச் சோதனையை நடத்தி நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) குறிப்பார், 2 எச்.பி. என்ற படிவம் நிரம்பும். இரண்டு வயது நிரம்பிய எந்தக் குழந்தையையும் பரிசோதனைக்குக் கொண்டுவருமாறு பெற்றோருக்கு ஆணையிடவும், மறுத்தால் வழக்குத் தொடரவும் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்திருந்தது. கல்வி பற்றிய ஒரு முடிவு மருத்துவச் சான்றிதழின் வடிவத்தில் வெளிவந்தது. இப்பள்ளிகளில் படித்தோர் 1947-இல் ஏறத்தாழ 12,000 ஆக இருந்து 1955-இல் 22,600-ஐத் தாண்டினர். அப்போதும் இடத்துக்காகக் காத்திருந்தோர் 12,000-க்கு மேல். கட்டுமானப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் பழைய நாட்டுப்புற மாளிகைகளை வாங்கி விடுதிப் பள்ளிகளாக்கினர். வீட்டிலிருந்து தொலைவில், யாருடைய கண்ணிலும் படாத இடத்தில் பிள்ளைகள் வளர்ந்ததற்குக் கொள்கையைப் போலவே செங்கல் பஞ்சமும் காரணம்.

அளவுகோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி 1960-களில் தவிர்க்க முடியாததாயிற்று. உள் லண்டன் கல்வித் துறையின் 1967-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, சாதாரணப் பள்ளிகளில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 15 விழுக்காடாக இருக்க, இயல்புக்குக் குறைந்தோர் பள்ளிகளில் சுமார் 28 விழுக்காடாக இருந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். கிரனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் 1971-இல் இதை வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டி எழுதியபோது, பெற்றோர் பலருக்குத் தம் பிள்ளை சென்ற பள்ளி எத்தகையது என்பதே அப்போதுதான் விளங்கியது. தனிக் கவனிப்புக் கிடைக்கும் நல்ல பள்ளி என்றே அவர்கள் அதுவரை எண்ணியிருந்தனர்.

இதைவிடக் கடுமையானது 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. பள்ளியில் கல்வி பெறத் தகுதியற்றது என்று மருத்துவர் தீர்மானித்த குழந்தையைக் கல்வித் துறை தன் பொறுப்பிலிருந்து நீக்கி உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்கு அறிவித்துவிடலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்று பறைசாற்றிய சட்டத்தின் உள்ளேயே இந்த வாசல் திறந்திருந்தது. அஞ்சலில் வந்த அந்த அறிவிப்பை எதிர்த்து அமைச்சரிடம் முறையிடப் பெற்றோருக்கு உரிமை இருந்தது; வென்றவர்கள் குறைவு. ஜூடி ஃப்ரைட் என்ற தாய், பள்ளி மறுக்கப்பட்ட தம் மகளுக்காகக் கேள்வி எழுப்பி, 1946-இல் இத்தகைய பெற்றோரின் சங்கத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் மென்கேப் என்ற அமைப்பாயிற்று. விலக்கப்பட்ட பிள்ளைகள் தேவாலயக் கூடங்களில் நடந்த தொழில் மையங்களிலும், பயிற்சி மையங்களிலும், மருத்துவமனை வார்டுகளிலும், பலர் வீட்டிலும் இருந்தனர். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1971 ஏப்ரல் 1 முதல் அவர்களைக் கல்வித் துறைக்குள் கொண்டுவந்தபோது, பயிற்சி மையங்களிலிருந்து சுமார் 24,000 பேரும் மருத்துவமனைகளிலிருந்து சுமார் 8,000 பேரும் மாணவர் என்ற நிலையைப் பெற்றனர். ஒரு சேவைக்கு எதிராக வைக்கக்கூடிய கணக்குகளில் இதைவிடப் பாரமான ஒன்றை நான் அறியேன்.

நடத்தையில் ஒத்துப்போகாதோருக்கான குழந்தை வழிகாட்டு மையங்கள் இதற்கு நேர்மாறான மனப்பாங்கோடு நடந்தன. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்து குழந்தையையும் வீட்டையும் பார்த்தனர். 1955-இல் வெளிவந்த அண்டர்வுட் குழுவின் அறிக்கை, இப்பிள்ளைகளை இயன்றவரை வீட்டிலிருந்தபடியே நடத்த வேண்டும் என்று கேட்டது. ஆள் பற்றாக்குறைதான் இங்கும் தடை.

1959-ஆம் ஆண்டு விதிகள் மூன்று பரிசோதனைக் கட்டாயத்தைத் தளர்த்தி, தேவையுள்ளவரைத் தேர்ந்து பார்க்கும் முறைக்கு இடமளித்தன. 1974 ஏப்ரல் 1 அன்று சேவை முழுவதும் தேசிய சுகாதாரச் சேவைக்குக் கைமாறியது. வகைப்படுத்தும் வேலையில் மருத்துவருக்கு இருந்த முதலிடம் 1975-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோடு உளவியலாளரிடமும் ஆசிரியரிடமும் சென்றது. மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978-இல் பழைய வகைகளைக் கைவிடுமாறு பரிந்துரைக்க, 1981-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவற்றை நீக்கியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1983 முதல், குழந்தையைப் பற்றி மருத்துவரும் உளவியலாளரும் ஆசிரியரும் எழுதிய கருத்துகள் அதன் தேவைகளைக் கூறும் அறிக்கையோடு இணைக்கப்பட்டுப் பெற்றோரின் கைக்கே வந்தன.